ஐந்து முகங்களும் ஒரு ஷிப்ட் பலகையும்: வீட்டிலிருந்து இயங்கும் கால் சென்டருக்கான ஊழியர் ஈடுபாட்டுச் செயலி குறித்து

வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்கள் மனத்தளவில் விலகிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி விற்கப்படும் கட்டணச் செயலி ஒன்றை, கோலாலம்பூரின் பங்சார் சவுத்தில் இயங்கும் எங்கள் கால் சென்டர் ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறது. வெளிநாட்டு நிறுவனங்களும் உள்ளூர் நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர் சேவையை எங்களிடம் ஒப்படைக்கின்றன. அவர்கள் பெயரைச் சொல்லி நாங்கள் தொலைபேசியை எடுக்கிறோம். தமிழ், மலாய், ஆங்கில அழைப்பு வரிசைகளைக் கவனிக்கும் குழு ஒன்றுக்கு நான் தலைவர் என்பதால், மேலாளர் பார்க்கும் திரை, ஊழியர் பார்க்கும் திரை இரண்டும் எனக்குப் பழக்கம். விற்றவர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் உள்ள வாய்ப்பூட்டு ஒரு காரணம். இதே வசதிகளை வேறு வேறு வண்ணம் பூசி விற்பவர்கள் சந்தையில் பலர் இருப்பதால், பெயர் இல்லாமலேயே இது மற்றவர்களுக்குப் பயன்படும் என்பது இன்னொரு காரணம்.

செயலியில் ஐந்து பகுதிகள் இருக்கின்றன: வாரந்தோறும் மனநிலை கேட்கும் கருத்துக்கணிப்பு, புள்ளிகளும் பதக்கங்களும் வழங்கும் பாராட்டுப் பலகை, இணையவழி ஒன்றுகூடல், கணினியைக் கண்காணிக்கும் மென்பொருள், ஷிப்டை மாற்றிக்கொள்ளும் பலகை. விடுப்பு, பணிநேர மாற்றம் போன்றவற்றுக்கான படிவங்களும் உடன் வருகின்றன. கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கணக்காகிறது. ஒருவருக்கு ஆகும் தொகை மாமாக் கடையில் ஒரு வேளை ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடும் செலவுதான் என்றாலும், நூற்றுக்கணக்கான பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் அது நிதிப் பிரிவின் கண்ணில் படாமல் போகாது. விற்பனையாளர் முன்னே நிறுத்திக் காட்டுவது முதல் மூன்று பகுதிகளை. கொடுத்த பணத்துக்கு வேலை செய்வதோ, விளம்பரத்தாளின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகளில் முடிந்துபோன ஷிப்ட் பலகை. ஊழியரின் உணர்ச்சியைக் கேட்டுப் பதிவு செய்யும் பகுதிகள் எங்களிடம் தோற்றுவிட்டன. ஊழியரின் நேரத்தை அவர் கையிலேயே கொடுக்கும் பகுதி நிலைத்துவிட்டது.

இதை ஏன் வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் பரவலுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது கணினிகளும் ஹெட்செட்டுகளும் ஊழியர்களோடு வீட்டுக்குப் போயின. ஆணை முடிந்த பிறகு அவற்றில் ஒரு பகுதி திரும்பி வரவில்லை, அதற்கு முக்கியமான காரணம் கடிகாரம். மெல்பர்னிலும் சிட்னியிலும் காலை 8 மணி என்றால் இங்கே 6 மணி. அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிவிட்டால், அடுத்த ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அவர்களுடைய 8 மணி நமக்கு 5 மணி. அந்த நேரத்தில் எங்களுக்குப் பக்கத்தில் உள்ள கெரிஞ்சி நிலையத்துக்கு எல்ஆர்டி ரயில் கிடையாது. ரவாங்கிலோ காஜாங்கிலோ கிள்ளானிலோ இருந்து ஒருவர் கிராப் வாடகைக் கார் பிடித்து வந்தால் அன்றைய சம்பளத்தில் நல்ல பங்கு வண்டிக்கே போய்விடும். ஆகவே விடியற்கால ஷிப்டுகள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

அதோடு ஒரு புதிய சிக்கலும் வந்தது. அலுவலகத்தில் ஒருவர் வேலையை விடப் போகிறார் என்றால் பக்கத்து இருக்கைக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மேசையில் இருந்த குவளையும் குடும்பப் படமும் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போகும், பிரேக் நேரத்தில் மாடிப்படிப் பக்கம் நின்று போன் பேசுவது கூடும். வீட்டில் இருப்பவர் விலகுவது, மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் வந்த பிறகுதான் குழுத் தலைவருக்கே தெரிகிறது. புதிதாக ஒருவரை எடுத்து, பயிற்சி கொடுத்து, வாடிக்கையாளர் நிறுவனத்தின் தேர்வில் தேறவைத்து வரிசையில் உட்காரவைக்க வாரக்கணக்கில் ஆகும் தொழில் இது. இந்த இழப்பைத்தான் செயலி குறைக்கும் என்று விற்பனையாளர் சொன்னார்.

அவர் கையில் வைத்திருந்த முதல் ஆயுதம், இந்தத் துறையில் எல்லா விற்பனையாளர்களும் எடுத்துக் காட்டும் அந்தச் சீன ஆய்வு. ஷாங்காயில் உள்ள சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தின் கால் சென்டரில் 2010 டிசம்பர் முதல் ஒன்பது மாதங்கள் ஒரு சோதனை நடந்தது. பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் நடத்திய அந்தச் சோதனையில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள், ஒற்றைப்படையினர் அலுவலகத்திலேயே இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 விழுக்காடு கூடியது, வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். விளம்பரத்தாள் இத்துடன் நின்றுவிடுகிறது.

ஆய்வு அதோடு நிற்கவில்லை. அந்த 13 விழுக்காட்டில் பெரும்பங்கு, பிரேக்கும் நோய் விடுப்பும் குறைந்து ஒரு ஷிப்டில் கூடுதல் நிமிடங்கள் வேலை நடந்ததால் வந்தது. சோதனையில் சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள். ஆறு மாதங்களாவது வேலை செய்திருக்க வேண்டும், வீட்டில் அகன்ற அலைவரிசை இணையமும் தனியாக உட்கார ஓர் அறையும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது, வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை அதற்குப் பெரிய காரணம். வேலைத் திறனைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பதும் குறைந்திருந்தது. அதே நிறுவனத்தில் பின்னர் 1,612 பேரைக் கொண்டு நடத்தி 2024இல் வெளியான இன்னோர் ஆய்வு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு என்ற ஏற்பாட்டில் விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகவும் பதவி உயர்வில் வேறுபாடு இல்லை என்றும் காட்டியது. ஆனால் அதில் இருந்தவர்கள் கால் சென்டர் ஊழியர்கள் அல்லர். பொறியியல், நிதி, சந்தைப்படுத்தல் போன்ற பிரிவுகளில் இருந்த பட்டதாரிகள்.

இவற்றில் எதுவும் செயலியின் சாதனை இல்லை. வேலையை விட்டுப் போவதைக் குறைத்தது வீட்டில் கழித்த நாட்கள். பதக்கமோ முகமோ அங்கே எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை விற்பனைக் கூட்டத்தில் கேட்டவர் ஒருவருமில்லை. தனியறை என்ற நிபந்தனையையும் யாரும் கேட்கவில்லை. என் குழுவில் ஒருவர் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடி ஒன்றில், எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் தங்கையோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, சலவை இயந்திரத்துக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்து அழைப்புகளை எடுக்கிறார். ஷாங்காய் சோதனையில் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்கவே மாட்டார்.

இனி மனநிலைக் கணிப்பு. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து கணினியை மூடும்போது திரையில் ஐந்து முகங்கள் வரும். சிவப்பில் அழும் முகம் தொடங்கி பச்சையில் சிரிக்கும் முகம் வரை. ஒன்றைத் தொட வேண்டும், விரும்பினால் இரண்டு வரி எழுதலாம். 'உங்கள் பதில் இரகசியமானது, ஐவருக்குக் குறைவான குழுக்களின் முடிவு காட்டப்படாது' என்று அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் மேலாளர் திரையில் முடிவுகளை மொழிவாரியாகவும் ஷிப்ட்வாரியாகவும் வாடிக்கையாளர்வாரியாகவும் பிரித்துப் பார்க்கும் பொத்தான்கள் இருக்கின்றன. அந்த 'ஐவர்' என்ற வரம்பு, பிரித்த பிறகு கிடைக்கும் சிறு குழுவுக்குப் பொருந்துவதில்லை. முழுத் துறைக்குத்தான் பொருந்துகிறது. எங்கள் இரவுத் தமிழ் வரிசையில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். தமிழ், இரவு என்று இரண்டு பொத்தான்களை அழுத்தினால் மூன்று முகங்கள் வரிசையாக வந்து நிற்கும். அதில் சிவப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க யாரும் துப்பறிவாளராக இருக்க வேண்டியதில்லை.

இது எப்படி வெளியே வந்தது என்றால், அந்த மூவரில் ஒருவர் தம் கருத்தைத் தமிழில் எழுதினார். ஷிப்டுக்கு நடுவே உள்ள பிரேக் போதவில்லை, எழுந்து போய்வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது என்பதுதான் அந்த இரண்டு வரி. அடுத்த வாரம் துறை மேலாளர் அவரைத் தனியே அழைத்து, "பிரேக் பத்தி ஏதோ எழுதியிருந்தீங்களாமே" என்று அன்போடுதான் விசாரித்தார். அன்போடு விசாரித்ததால் அது சரியாகிவிடாது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை முதல் இரவுத் தமிழ் வரிசையில் மூன்றும் பச்சைதான். மூன்று பச்சை முகங்களை வைத்துக்கொண்டு எந்த மேலாளரும் எதையும் அறிந்துகொள்ள முடியாது, ஆனால் மாத அறிக்கையில் ஈடுபாடு உயர்ந்திருப்பதாகக் கோடு மேலே ஏறுகிறது.

ஊழியர் ஈடுபாடு பற்றிய ஆய்வுக்கு அடித்தளம் போட்டவராகக் கருதப்படும் வில்லியம் கான், 1990இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு மனிதர் தம்மை முழுமையாக வேலையில் ஈடுபடுத்திக்கொள்ள மூன்று நிலைமைகள் தேவை என்றார்: செய்யும் வேலைக்குப் பொருள் இருப்பதாகத் தோன்றுவது, மனத்தில் உள்ளதைக் காட்டினால் தீங்கு வராது என்ற பாதுகாப்பு, வேலைக்குக் கொடுக்க உடலிலும் மனத்திலும் தெம்பு மிச்சம் இருப்பது. இரண்டாவதை இந்தக் கணிப்பு தானே உடைத்துவிடுகிறது. மூன்றாவதை அது கேட்பதே இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஹெட்செட் மாட்டும் ஒரு தாயிடம் அவருடைய தூக்கத்தைப் பற்றிக் கேட்காமல் முகத்தைப் பற்றிக் கேட்பது என்ன வகைக் கரிசனம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புள்ளிகளும் பதக்கங்களும் வழங்கும் பாராட்டுப் பலகை இன்னொரு விதமாகக் கெடுக்கிறது. சக ஊழியரைப் பாராட்டினால் இருவருக்கும் சில புள்ளிகள் கிடைக்கும், அது நல்லதுதான், அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் பெரிய புள்ளிகள் எண்களோடு கட்டப்பட்டிருக்கின்றன, அதிலும் முதன்மையானது ஏஎச்டி எனப்படும், ஓர் அழைப்புக்கு ஆகும் சராசரி நேரம். குறைந்த நேரத்தில் முடிப்பவர் மாத இறுதியில் பலகையின் உச்சியில் இருப்பார். சேர்ந்த புள்ளிகளை டச் என் கோ இ-வாலட்டில் பணமாக மாற்றிக்கொள்ளலாம். தமிழ் வரிசைக்கு அழைப்பவர்களில் கணிசமானோர் முதியவர்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ ஓர் அம்மா அழைப்பார். பில்லில் உள்ள கணக்கு எண்ணைக் கேட்டால், "தம்பி, கொஞ்சம் இருங்க, கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல" என்பார். கண்ணாடி கிடைக்கும், பிறகு பில் கிடைக்காது. அதற்குள் ஆங்கில வரிசையில் இரண்டு அழைப்புகள் முடிந்திருக்கும்.

மொழி வரிசைகளுக்குத் தனித்தனி அளவுகோல் வைக்கும் வசதி செயலியில் இருக்கிறது. எங்கள் நிறுவனம் அதைப் பயன்படுத்தவில்லை, ஒரே பலகையில் எல்லோரையும் போட்டுவிட்டது. விளைவை அழைப்புப் பதிவுகளைக் கேட்கும்போதே உணரலாம். "அம்மா, பில்லை எடுத்து வெச்சிட்டு மறுபடி கூப்பிடுங்க" என்ற வாக்கியம் இப்போது முன்பைவிட அதிகமாகக் காதில் விழுகிறது. அந்த அம்மா மறுபடி அழைக்கும்போது வேறொருவர் எடுப்பார், முதலில் எடுத்தவருக்குப் புள்ளி சேர்ந்திருக்கும். இதில் பாதிப் பழி செயலிக்கும் பாதிப் பழி அதை அமைத்தவர்களுக்கும் சேர வேண்டியது.

இணையவழி ஒன்றுகூடலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. விற்பனையாளர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து புதிர்ப்போட்டி நடத்துவார், கேமராவைத் திறந்து வைக்கச் சொல்வார், பாதிப் பேர் பின்னணியில் செயற்கைக் கடற்கரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடற்கரைக்குப் பின்னால் துணி காயப் போட்டிருக்கும் வீடு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இதைப் பயன்படுத்த நினைக்கும் நிறுவனங்கள் ஒரு சட்டச் சிக்கலை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. ஷிப்ட் முடிந்த பிறகு 'கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்' என்று அழைத்துவிட்டு அதை வேலை நேரம் இல்லை என்று வாதிடுவது கடினம். மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுபவருக்கு வழக்கமான நேரத்தைத் தாண்டிய வேலைக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்று வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. எங்கள் இடத்தில் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு ஒன்றுகூடல் ஷிப்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வந்த பிறகு அதை நடத்தும் ஆர்வம் மேலிடத்துக்கும் குறைந்துவிட்டது.

கண்காணிப்பு மென்பொருள் ஈடுபாட்டுச் செயலியின் உள்ளே ஏன் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. மவுஸ் அசைவையும் விசைப்பலகைத் தட்டலையும் எண்ணுகிறது. அவ்வப்போது திரையைப் படம் பிடிக்கிறது. மேசையில் கைப்பேசியோ காகிதமோ இருக்கிறதா என்று பார்க்க கேமராவையும் திறக்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு. வாடிக்கையாளரின் கடன் அட்டை எண்ணைக் கேட்டு வாங்கும் வேலையில் காகிதமும் பேனாவும் இருக்கக் கூடாது என்பது அட்டைத் துறையின் பாதுகாப்பு விதிகள் வந்த காலத்திலிருந்தே அலுவலகத்திலும் உள்ள வழக்கம். அதற்கும் இன்னும் நல்ல தீர்வு இருக்கிறது: அட்டை எண்ணை வாடிக்கையாளரே தொலைபேசி விசைகளில் அழுத்துமாறு செய்துவிட்டால் ஊழியரின் காதுக்கு அந்த எண் போகவே போகாது, அவர் மேசையைப் படம் பிடிக்கும் தேவையும் வராது.

மற்றதெல்லாம் சேதம்தான் செய்தது. ஒரு பிற்பகலில் புச்சோங் பக்கம் பெய்த இடிமழையில் என் குழுவில் ஒருவருடைய மோடம் மின்னல் பாய்ந்து கருகிப் போனது. அவர் உடனே வாட்சப்பில் எனக்குச் செய்தியும் கருகிய மோடத்தின் படமும் அனுப்பிவிட்டார். செயலிக்கு அதெல்லாம் தெரியாது. இணைப்பு அறுந்த அடுத்த நிமிடத்திலிருந்து 'இருக்கையில் இல்லை' என்று எழுதத் தொடங்கி, ஷிப்ட் முடியும் வரை எழுதிக்கொண்டே இருந்தது. அதைத் திருத்தும் அதிகாரம் குழுத் தலைவர் திரையில் இல்லை. மனிதவளப் பிரிவுக்கு விண்ணப்பம் போட வேண்டும், படம் இணைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். பிற்பகல் மழை பெய்யாத மாதத்தைத் தேட வேண்டிய ஊருக்கு, மழை என்றால் என்ன என்று தெரியாத மென்பொருளை விற்றிருக்கிறார்கள்.

இந்தப் பகுதியை வாங்கும் நிறுவனங்கள் 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசிப்பது நல்லது. என்ன தரவு எடுக்கப்படுகிறது, எதற்காக எடுக்கப்படுகிறது, யாரிடம் போகிறது என்பதைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஊழியர் தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கக் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்த நினைக்கும் ஊழியருக்குச் செயலியில் எந்தப் பொத்தானும் இல்லை.

இவ்வளவு குறைக்குப் பிறகும் இந்தச் செயலியை முழுவதுமாகத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வராததற்கு ஷிப்ட் பலகைதான் காரணம். அது இயங்கும் விதம் எளிது. கொடுக்க விரும்பும் ஷிப்டைப் பலகையில் போட வேண்டும். அதே மொழி வரிசையில் இருந்து, அதே வாடிக்கையாளர் நிறுவனத்தின் தேர்வில் தேறியவர்களின் கைப்பேசிக்கு மட்டும் செய்தி போகும். ஒருவர் எடுத்துக்கொண்டால், அவருக்கு இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே போதிய ஓய்வு இருக்கிறதா, வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற சட்ட வரம்பு தாண்டுகிறதா என்று செயலி தானே பார்க்கும். அந்த வரம்பு 48இலிருந்து 45ஆகக் குறைந்தது 2023 ஜனவரி 1 முதல்தான். எல்லாம் சரியாக இருந்தால் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்காமல் மாற்றம் நடந்துவிடும். முன்பெல்லாம் இதற்கு முதலில் என்னிடம் கேட்டு, நான் அட்டவணைப் பிரிவிடம் கேட்டு, அவர்கள் இரண்டு நாள் கழித்துப் பதில் சொல்லி, அதற்குள் கேட்டவர் எம்சி எனப்படும் மருத்துவ விடுப்பு எடுத்துவிட்டிருப்பார்.

பலகையின் அருமை தைப்பூசத்தில் தெரிந்தது. இந்நாட்டுச் சட்டப்படி ஊழியருக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் உண்டு. அவற்றில் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், கோலாலம்பூரைப் பொறுத்தவரை கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம் என்று ஐந்துதான் மாற்ற முடியாதவை. தீபாவளியும் தைப்பூசமும் அந்த ஐந்தில் இல்லை. நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும்கூட இல்லை. ஊழியரின் சம்மதத்தோடு அவற்றை வேறு நாளுக்கு மாற்றிவிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆஸ்திரேலிய வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் கால் சென்டரில் வேலைக்குச் சேரும்போது போடும் கையெழுத்திலேயே அந்தச் சம்மதமும் அடங்கியிருக்கும். தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடிகள் படியேறும் நேரத்தில், மெல்பர்னில் ஒருவர் தம் மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்க அழைப்பார். யாராவது எடுத்தாக வேண்டும்.

முன்பு அந்த 'யாராவது' யார் என்பதை நான் முடிவு செய்தேன். யாரை நிறுத்தினாலும் அவர் வீட்டில் ஒரு மாதம் என் பெயர் நல்ல விதமாகப் பேசப்பட்டிருக்காது. இந்த முறை பலகையில் தைப்பூச ஷிப்டுகள் வந்த அன்றே, ஆங்கில வரிசையில் இருந்த மலாய், சீனச் சகாக்கள் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு நோன்புப் பெருநாள் வாரத்து ஷிப்டுகளை எங்கள் ஆட்கள் எடுப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு செயலிக்குள் நடக்கவில்லை, வாட்சப்பில் நடந்தது. காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதம் இருந்த ஒருவர், "அண்ணே, இந்த வருஷம் எம்சி எடுக்காம கோயிலுக்குப் போறேன்" என்றார். எந்த வெள்ளிக்கிழமை முகத்தையும்விட அந்த வாக்கியத்தில் எனக்குத் தெரிந்துகொள்ள நிறைய இருந்தது.

ஒரே வருத்தம் தமிழ் வரிசையிலேயே இருப்பவர்களுக்குத்தான். அவர்களுடைய ஷிப்டை எடுக்கத் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும், தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் அன்று பத்துமலையில் இருப்பார்கள். பலகையால் இதைத் தீர்க்க முடியாது. வரிசையின் நேரத்தை அன்று மட்டும் குறைத்துத் தரும்படி வாடிக்கையாளர் நிறுவனத்திடம் மேலிடம்தான் கேட்க வேண்டும்.

படிவங்களில் ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். 2023 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். முதலாளி ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் எழுதிய காரணத்தைக் கேட்கும் உரிமை சிறியதல்ல. செயலியில் உள்ள படிவம் விண்ணப்பித்த நாளிலிருந்து 60 நாளை எண்ணிக்கொண்டே வந்து, நாள் நெருங்கும்போது மனிதவளப் பிரிவுக்கு நினைவூட்டுகிறது. எங்கள் இடத்தில் இதற்கு முன் இத்தகைய விண்ணப்பங்கள் மின்னஞ்சலில் போய் அமைதியாக உறங்கின. இப்போது 'இல்லை' என்றாலும் பதில் வருகிறது. மடக்கு மேசையில் உட்காரும் அந்தப் பெண் வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்திலும் இரண்டு நாள் வீட்டிலும் வேலை செய்ய இந்தப் படிவத்தின் வழியாகத்தான் கேட்டார், கிடைத்தது. அலுவலகம் வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை விற்பனையாளரின் விளம்பரத்தாள் நினைத்தே பார்க்கவில்லை.

செயலி தொடாத செலவுகளும் உண்டு. பகல் முழுவதும் ஓடும் குளிர்சாதனத்தின் மின்கட்டணத்தை ஊழியரே கட்டுகிறார். இணையத்துக்கு நிறுவனம் தரும் மாதப் படியோடு சரி. புதியவர் ஒருவர் சேர்ந்தால் பக்கத்து இருக்கைக்காரரின் அழைப்பைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் வழி வீட்டில் இல்லை. அதற்கு ஈடாக வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேச எனக்கு நேரம் ஒதுக்கித் தரும்படி கேட்டேன். மனநிலைக் கணிப்பு இருக்கிறதே என்று பதில் வந்தது.

விற்பனையாளரின் உதவிச் சேவை பரவாயில்லை, கேட்டால் மறுநாளுக்குள் பதில் வருகிறது. கைப்பேசிச் செயலி பழைய ஆண்ட்ராய்டுக் கருவிகளிலும் தடங்கலின்றி ஓடுகிறது. தமிழில் எழுதினால் எழுத்து உடைவதில்லை. மொழிவாரிப் பிரிப்பைப் பற்றி நாங்கள் புகார் செய்தபோது, ஐவர் என்ற வரம்பைச் சிறு குழுக்களுக்கும் பொருத்தும் அமைப்பு ஏற்கெனவே இருப்பதாகவும், அதை நிறுவனத்தின் நிர்வாகி அணைத்து வைத்திருப்பதாகவும் பதில் எழுதினார்கள். ஆகவே இத்தகைய செயலியை வாங்குபவர்கள் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு: அந்த வரம்பை நிர்வாகியால் அணைக்க முடியாதபடி விற்பனையாளரே பூட்டி வைப்பது, கண்காணிப்புப் பகுதியைத் தனியே கழற்றிக்கொள்ளும் உரிமை, இணைப்பு அறுந்த நேரத்தைக் குழுத் தலைவரே திருத்தும் அதிகாரம், பாராட்டுப் பலகையில் மொழி வரிசைக்கேற்ற அளவுகோல்.

எங்கள் நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது வெள்ளிக்கிழமை முகங்களும் ஒன்றுகூடலும் நீக்கப்பட்டன, கண்காணிப்பு அட்டைப் பணம் கையாளும் ஷிப்டுகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. தலைக்கு ஆகும் கட்டணத்தில் ஒரு சென்னும் குறையவில்லை. ஷிப்ட் பலகையைத் தனியாக விற்பதில்லை என்று விற்பனையாளர் சொல்லிவிட்டார்.